முற்றம் யாருக்கு?

பெங்களூரில் ஒரு தெரு. பெரிய தெரு இல்லை. ஓர் ஆட்டோ போனால், எதிரே இன்னோர் ஆட்டோ வர முடியாது. அறுபது, எழுபது வீடுகள் இருக்கும். பெரும்பாலும் ஒற்றை அறை வீடுகள். சேலம், தருமபுரி, வேலூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே குடியிருக்கிறார்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் போகிறார்கள். சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். பெண்கள் வீட்டு வேலைக்கும் கார்மென்ட்ஸ் வேலைக்கும் போகிறார்கள்.

தெருமுனையில் மாரியம்மன் கோயில். அதை ஒட்டி ஒரு கூடம். கூடத்துக்கு முன்னால் ஒரு சின்ன முற்றம். கூடத்தைத் தமிழ்க்காரர்கள் சங்கக் கூடம் என்பார்கள். கன்னடக்காரர்கள் சமுதாய பவன என்பார்கள். அந்தக் கூடத்தில்தான் அங்கன்வாடி நடக்கிறது.

இது நாம் கற்பனை செய்துகொண்ட தெரு. இங்கே வரும் மனிதர்களும் அப்படியே. ஆனால் பாடத்தில் வரும் சட்டங்களும் ஆண்டுகளும் உண்மையானவை. இது உங்கள் தெரு மாதிரி இருந்தால் ஆச்சரியம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. அங்கன்வாடி டீச்சரம்மா கதவைத் திறந்தார். உள்ளே அண்டா, குண்டான், ஷாமியானாக் கம்புகள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. சாமான் எடுக்க வண்டி வரவில்லை. செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள்.

இருபத்தைந்து குழந்தைகள் வாசலில் நின்றார்கள். டீச்சரம்மா என்ன செய்வார்? "இன்றும் நாளையும் அங்கன்வாடி இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள்தானே, போகட்டும் என்று நினைக்கலாம். அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்று பிறகு பார்ப்போம்.

அங்கன்வாடி எதற்கு?

'அங்கன்' என்றால் முற்றம். முற்றத்தில் குழந்தைகள் கூடி விளையாடுவார்கள். அதிலிருந்து வந்த பெயர்தான் அங்கன்வாடி. நம் ஆட்கள் பால்வாடி என்றும் சொல்வார்கள்.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பிறந்த நாளில், இந்தத் திட்டம் நாட்டில் தொடங்கியது. முதலில் 33 இடங்களில் மட்டும் தொடங்கினார்கள். அவற்றில் ஒன்று கர்நாடகாவில் இருந்தது. மைசூர் மாவட்டத்தில் உள்ள டி. நரசிபுரா அது. இன்று நாடு முழுவதும் லட்சக்கணக்கான அங்கன்வாடிகள் இருக்கின்றன.

அங்கன்வாடி வெறும் சோறு போடும் இடம் இல்லை. அங்கே ஆறு வேலைகள் நடக்க வேண்டும்.

1. சத்துணவு கொடுப்பது.
2. மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளுக்குப் பாட்டு, கதை, விளையாட்டு வழியாகக் கற்றுக்கொடுப்பது.
3. தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது.
4. எடை பார்ப்பது, உடல்நலம் பார்ப்பது.
5. நோய் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது.
6. தாய்மார்களுக்கு உணவு பற்றியும் உடல்நலம் பற்றியும் சொல்லிக்கொடுப்பது.

2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரவேண்டும் என்று அது சொல்கிறது. கர்நாடகாவில் 2017 அக்டோபரில் மாத்ருபூர்ணா திட்டம் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியில் மதியச் சாப்பாடு தருவது அந்தத் திட்டம்.

ஆக, வேலை கூடியிருக்கிறது. ஆட்களும் கூடியிருக்கிறார்கள். அறை மட்டும் அதே அறைதான்.

கூட்டம் கூடியது

புதன்கிழமை இரவு தெருக்காரர்கள் கூடத்தில் கூடினார்கள். பெண்களும் வந்தார்கள். டீச்சரம்மா முதலில் பேசினார்.

"போன மாதம் நான்கு நாள் நடத்த முடியவில்லை. இந்த மாதம் இப்போதே இரண்டு நாள் போய்விட்டது. குழந்தைகள் சாப்பாடு இல்லாமல் திரும்பிப் போகிறார்கள். நடத்துகிற நாளிலும் தரையில் ஆணி கிடக்கிறது. ஒருநாள் உடைந்த பாட்டில் கிடந்தது."

கல்யாண வீட்டுக்காரர் எழுந்தார். "நான் வேண்டுமென்றா செய்தேன்? மண்டபத்துக்கு வாடகை கொடுக்க என்னால் முடியுமா? இந்தக் கூடத்துக்கு நானும்தான் பணம் போட்டேன். சித்தாள் கூலியில் மிச்சம் பிடித்துப் போட்ட பணம்."

அவர் சொன்னது உண்மை.

மகளிர் சங்கத்து அக்கா பேசினார். "எங்களுக்கு மாதம் இரண்டு தரம் கூட்டம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. கணக்கு நோட்டு, கடன், வட்டி எல்லாம் பேசவேண்டும். குழந்தைகள் சத்தத்தில் எப்படிப் பேசுவது?"

அதுவும் உண்மை.

ஓர் இளைஞர் சொன்னார்: "எங்களுக்கு மைதானம் இல்லை. கேரம் ஆட இந்தக் கூடம்தான். அதையும் எடுத்துக்கொண்டால் பசங்கள் பெட்டிக்கடை வாசலில்தான் நிற்பார்கள். அங்கே என்ன பழகுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்."

இதையும் மறுக்க முடியாது.

ஆட்டோ ஓட்டும் அண்ணன் எழுந்தார். "முற்றத்தில் வண்டி நிறுத்தாதே என்கிறார்கள். நான் ராத்திரி வண்டி ஓட்டுகிறவன். பகலில்தான் நிறுத்தவேண்டும். மெயின் ரோட்டில் விட்டால் பேட்டரி போய்விடும்."

கடைசியாக ஒரு பெரியவர் கேட்டார்: "ஒரு சாவு விழுந்தால் வந்தவர்கள் எங்கே உட்காருவது? வீட்டில் நாலு பேர் உட்கார இடம் இல்லை."

கூடம் அமைதியானது. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் பேராசையில் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே அறையைத்தான்.

அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாய் பேசினார். அவர் நான்கு வீடுகளில் வேலை செய்கிறவர்.

"திங்கட்கிழமை பால்வாடி இல்லை என்றார்கள். சின்னவனை எங்கே விடுவேன்? நான் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டுக்கார அம்மா வேறு ஆள் வைத்துவிடுவார். பெரியவளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் நிறுத்தினேன். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கணக்குப் பரீட்சை. எழுதவில்லை."

அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள்தானே என்று நினைத்தோம். ஒரு கதவு மூடினால் இரண்டு குழந்தைகளின் படிப்பு நிற்கிறது. சின்னவனின் படிப்பும் நிற்கிறது. அவனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் படிப்பும் நிற்கிறது.

எதை முதலில் வைப்பது?

எல்லாருடைய தேவையும் நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் வைக்க முடியாது. அப்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: யாரால் வேறு நேரத்துக்கு மாற முடியும்?

சங்கக் கூட்டத்தைச் சாயங்காலம் வைக்கலாம். கேரம் ராத்திரி ஆடலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு மதியச் சாப்பாட்டை ராத்திரி எட்டு மணிக்குப் போட முடியுமா? தாய் வேலைக்குப் போகும் நேரம்தான் குழந்தைக்கு அங்கன்வாடி நேரம்.

இரண்டாம் கேள்வி: யாருக்கு வேறு இடம் கிடைக்கும்?

பெரியவர்கள் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். சின்னக் குழந்தைகளைத் தெருவில் உட்காரவைக்க முடியாது. வண்டி வரும், நாய் வரும், திறந்த சாக்கடை இருக்கும்.

மூன்றாம் கேள்வி: இழந்ததைத் திரும்பப் பெறமுடியுமா?

தள்ளிவைத்த கூட்டத்தை அடுத்த வாரம் நடத்தலாம். குழந்தையின் மூளையில் பெரும்பகுதி ஆறு வயதுக்குள் வளர்ந்துவிடுகிறது. அந்த வயதில் கிடைக்காத சத்தும் பேச்சும் விளையாட்டும் பிறகு அதே மாதிரி கிடைப்பது கடினம்.

மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுதான். பகல் நேரம் குழந்தைகளுக்கு. இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கூட்டத்தில் எல்லாரும் தங்களுக்காகப் பேசினார்கள். குழந்தைகள் கூட்டத்துக்கு வந்து பேசமுடியாது. அவர்களுக்காக நாம்தான் பேசவேண்டும்.

சுவரில் ஒரு பட்டியல்

அன்று இரவு பதினொரு மணி வரை பேசினார்கள். கடைசியில் ஒரு நேரப் பட்டியல் போட்டார்கள். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். நீங்களும் படித்துப் பாருங்கள்.

காலை 9 மணி: கூட்டித் துடைப்பது.
காலை 9.30 முதல் மாலை 4 வரை: அங்கன்வாடி.
மாலை 4.30 முதல் 6 வரை: மகளிர் சங்கம் (மாதம் இரண்டு நாள்).
மாலை 6 முதல் 8 வரை: பள்ளிப் பிள்ளைகள் படிக்க.
இரவு 8 முதல் 9.30 வரை: இளைஞர்கள்.
ஞாயிற்றுக்கிழமை: கல்யாணம், காதுகுத்து, மற்ற விசேஷங்கள்.

பட்டியலுக்குக் கீழே சில விதிகள்.

விசேஷம் வைப்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் சாமான்களை எடுக்கவேண்டும். கடைசியாகப் போகிறவர் கூட்டிவிட்டுப் போகவேண்டும். கூடத்தில் குடிக்கக் கூடாது. அங்கன்வாடிச் சாமானுக்குப் பூட்டுள்ள அலமாரி. கேரம் பலகைக்கும் ஒரு மூலை உண்டு. சாவி இரண்டு. ஒன்று டீச்சரம்மாவிடம், ஒன்று சங்கத்திடம்.

ஆட்டோவுக்கு என்ன செய்தார்கள்? முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாக, ஒரு வண்டி நிற்க இடம். இந்தப் பக்கம் குழந்தைகள் விளையாட. பகலில் வண்டியை எடுப்பதாக இருந்தால் ஆயாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

சாவுக்கு யாரும் தேதி குறிக்க முடியாது. அன்று கூடத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த நாளில் குழந்தைகளைக் கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கோயில்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். அங்கன்வாடி நிற்காது.

இதில் எல்லாருக்கும் கொஞ்சம் குறைந்தது. யாருக்கும் முழுவதும் போய்விடவில்லை.

இந்த மாதிரி வேலையைத் தொடர்ந்து கவனிக்க ஒரு குழு வேண்டும். கர்நாடகாவில் அங்கன்வாடிகளுக்குப் பால விகாச சமிதி என்ற குழு உண்டு. தாய்மார்கள் அதில் உறுப்பினராக இருப்பார்கள். உங்கள் அங்கன்வாடியில் சமிதி எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். போய் உட்காருங்கள்.

அறையை அளந்து பார்ப்போம்

நேரத்தைப் பங்கு போட்டாயிற்று. ஆனால் இடம்?

அந்தக் கூடம் 15 அடி நீளம், 12 அடி அகலம்.
15 × 12 = 180 சதுர அடி.
குழந்தைகள் 25 பேர்.
180-ஐ 25-ஆல் வகுத்தால், ஒரு குழந்தைக்குச் சுமார் 7 சதுர அடி கிடைக்கும். ஒரு பாய் விரிக்கிற இடம்கூட இல்லை.

இதிலேயே அடுப்பும் இருக்கிறது. அரிசி மூட்டையும் இருக்கிறது. மதியம் கர்ப்பிணிகள் வந்து சாப்பிடுவதும் இங்கேதான்.

ஓர் அங்கன்வாடிக்கு 600 சதுர அடி இடம் வேண்டும் என்று அரசின் திட்ட விதிகள் சொல்கின்றன. 30 அடி நீளமும் 20 அடி அகலமும் இருந்தால் 600 சதுர அடி. குழந்தைகள் உட்கார அறை, தனிச் சமையலறை, சாமான் வைக்கும் இடம், குழந்தைகளுக்கு ஏற்ற கழிப்பறை, விளையாட இடம் எல்லாம் இருக்கவேண்டும்.

ஆகவே நேரப் பட்டியல் இன்றைய வழி. தனி இடம் கேட்பது நாளைய வழி. இரண்டும் வேண்டும். இருக்கிற சின்ன அறைக்காக நமக்குள் நாமே சண்டை போட்டுக்கொண்டிருந்தால், இன்னோர் இடம் கேட்கவே மறந்துபோவோம்.

இடம் கேட்பது பிச்சை இல்லை

பெங்களூரில் புதிய லேஅவுட்களைப் போடுவது பெங்களூர் வளர்ச்சி ஆணையம். பி.டி.ஏ. என்று எல்லாருக்கும் தெரியும். பி.டி.ஏ. லேஅவுட் போடும்போது, மொத்த நிலத்தில் 100-க்கு 15 பங்காவது பூங்காவுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் ஒதுக்கவேண்டும். அதற்கு மேல் 100-க்கு 10 பங்காவது பொது வசதிகளுக்கு ஒதுக்கவேண்டும். இது சட்டம். பள்ளி, தபால் ஆபீஸ், ரேஷன் கடை, நூலகம் எல்லாம் பொது வசதிகள். குழந்தைகள் காப்பகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நம் தெரு யாரும் திட்டம் போட்டு அமைத்த லேஅவுட் இல்லை. வந்தவர்கள் கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள். யாரும் மைதானம் ஒதுக்கவில்லை. அதனால்தான் கல்யாணமும் கேரமும் பால்வாடியும் ஓர் அறைக்குள் நெருக்குகின்றன. குறை இளைஞர்களிடம் இல்லை. டீச்சரம்மாவிடமும் இல்லை.

"பக்கத்து லேஅவுட்டில் பெரிய பூங்கா இருக்கிறதே, அதில் ஒரு மூலையைக் கேட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். இதைப் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது.

பெங்களூர் ராஜ்மஹால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. பூங்கா இடம் எல்லாருக்கும் சொந்தம், அதை இப்படி மாற்றிக் கொடுத்தது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது.

மருத்துவமனையும் நல்ல காரியம்தான். ஆனாலும் ஒருவருக்கு ஒதுக்கிய பொது இடத்தைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. இது நமக்கும் பாடம், நமக்குப் பாதுகாப்பும் கூட. நாளைக்கு நமக்கு ஒதுக்கும் இடத்தையும் யாரும் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே பூங்காவைக் கேட்கவேண்டாம். பொது வசதிக்கு ஒதுக்கிய இடத்தைக் கேட்கலாம். அரசுப் பள்ளியில் காலி அறை இருந்தால் கேட்கலாம். மாநகராட்சிக் கட்டடத்தில் இடம் கேட்கலாம்.

உங்கள் பகுதியில் அங்கன்வாடியே இல்லையா? அதற்கும் வழி உண்டு. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, அங்கன்வாடி இல்லை என்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தரவேண்டும். கிராமத்துக்கும் நகரத்துக் குடிசைப் பகுதிக்கும் இது பொருந்தும்.

மனு எழுதுவோம்

கூடத்தில் கூடியவர்கள் ஒரு மனு எழுதினார்கள். அது இப்படி இருந்தது.

அனுப்புநர்:
தெருப் பொதுமக்கள், தாய்மார்கள்.

பெறுநர்:
குழந்தை வளர்ச்சித் திட்ட அதிகாரி அவர்கள்.

பொருள்: அங்கன்வாடிக்குத் தனி இடம் வேண்டுதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் தெரு அங்கன்வாடியில் 25 குழந்தைகள் படிக்கிறார்கள். அங்கன்வாடி சங்கக் கூடத்தில் நடக்கிறது. அறையின் அளவு 180 சதுர அடி மட்டுமே. தனிச் சமையலறையும் கழிப்பறையும் இல்லை. போன மாதம் இடம் இல்லாமல் 4 நாள் அங்கன்வாடி நடக்கவில்லை. தேதிகளைக் கீழே எழுதியிருக்கிறோம்.

எங்கள் பகுதியில் பொது வசதிக்கு ஒதுக்கிய இடத்திலோ, அரசுக் கட்டடத்திலோ தனி இடம் தர ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். அதுவரை வாடகை இடம் பார்த்துத் தரவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
(கையெழுத்துகள்)

இந்த மனுவைக் கன்னடத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் வேலை நடப்பது கன்னடத்தில். கன்னடப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் எழுதிக்கொடுத்தாள். மனுவுக்கு நகல் எடுத்துக்கொண்டார்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கினார்கள். முத்திரை இல்லாவிட்டால், மனு வரவே இல்லை என்று நாளைக்குச் சொல்லலாம்.

நான்கு வீடுகளில் வேலை செய்யும் அந்தத் தாயும் மனுவில் கையெழுத்துப் போட்டார். போன வருஷம் வரை கைநாட்டு வைத்தவர் அவர். இப்போது தன் பெயரை எழுதினார். அவருடைய பெரிய பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் வரும்வரை சுவரில் அந்தப் பட்டியல் இருக்கும். பட்டியலின்படி திங்கட்கிழமை காலை 9.30 மணிக்குக் கதவு திறக்கும்.

யோசிப்போம்

1. உங்கள் தெருவில் எல்லாரும் பயன்படுத்தும் இடம் எது? யார் யார் பயன்படுத்துகிறார்கள்?
2. சங்கக் கூட்டத்தை மாலைக்கு மாற்றியது சரியா? மாலையில் சமையல் செய்யவேண்டிய பெண்களுக்கு என்ன கஷ்டம் வரும்?
3. பெரிய பெண் ஏன் பரீட்சை எழுதவில்லை?
4. பூங்கா வழக்கிலிருந்து நீங்கள் தெரிந்துகொண்டது என்ன?

செய்வோம்

1. உங்கள் அங்கன்வாடி அறையை அளந்து பாருங்கள். எத்தனை சதுர அடி? ஒரு குழந்தைக்கு எவ்வளவு இடம்?
2. போன மாதம் எத்தனை நாள் அங்கன்வாடி நடந்தது என்று டீச்சரிடம் கேட்டு எழுதுங்கள்.
3. உங்கள் பொதுக் கூடத்துக்கு ஒரு நேரப் பட்டியல் போடுங்கள். நாலு பேரிடம் படித்துக் காட்டுங்கள். யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள்.